நுண்ணுயிர் மின்கலத்திடம் எதைக் கேட்பது?

பள்ளி அறிவியல் கண்காட்சிகள் நடக்கும் பருவத்தில் நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் ஒரு படம் தவறாமல் வரும். இரண்டு பிளாஸ்டிக் டப்பாக்கள், நடுவே ஒரு குழாய், கெட்டுப்போன சோறும் காய்கறித் தோலும் கரைத்த கலங்கல் நீர், ஓரத்தில் மின்னும் குட்டி எல்இடி விளக்கு. அந்த விளக்கு எரிவது உண்மை. பிள்ளைகளின் உழைப்பும் உண்மை. அதன் பின்னால் நூறாண்டு கடந்த அறிவியல் இருக்கிறது. இதையே பெரிய அளவில் செய்தால் ஊருக்கே மின்சாரம் கொடுக்கலாம் என்று செய்தி முடியும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

அந்த வாக்குறுதியை நம்பித் திட்டம் தீட்டினால் பணமும் காலமும் போகும். அது பொய்த்த பிறகு, ஓர் அருமையான தொழில்நுட்பத்தை வேலைக்காகாது என்று மூலையில் போட்டுவிடுவோம். இரண்டாவது இழப்புதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. நுண்ணுயிர் எரிபொருள் மின்கலம் நம் ஊர்களுக்கு நிச்சயமாக உதவும். அதனிடம் நாம் கேட்கும் வேலை ஒன்று, அது செய்யக்கூடிய வேலை இன்னொன்று என்பதே என் வாதம்.

எந்த உயிரும் உணவை உடைக்கும்போது அதிலிருந்து எலக்ட்ரான்கள் கழன்று வரும். அவற்றை எங்காவது கொண்டுபோய்ச் சேர்த்தால்தான் அந்த உயிர் பிழைக்கும். நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜனிடம் சேர்க்கிறோம். ஆற்றுச் சேற்றின் ஆழத்தில் ஆக்சிஜன் கிடையாது. அங்கே வாழும் சில பாக்டீரியாக்கள் மண்ணிலுள்ள இரும்புத் துருவிடம் எலக்ட்ரான்களைத் தள்ளிவிடுகின்றன. துருவுக்குப் பதிலாக ஒரு கார்பன் தகட்டை வைத்தால் அதையும் ஏற்றுக்கொள்கின்றன. தகட்டில் சேர்ந்த எலக்ட்ரான்கள் கம்பி வழியே காற்றுப் படும் இன்னொரு தகட்டுக்கு ஓடுகின்றன. கம்பியில் ஓடுவது மின்சாரம். முதல் தகடு ஆனோடு, இரண்டாவது கேத்தோடு. உணவிலிருந்து பிரிந்த புரோட்டான்கள் நடுவிலுள்ள சவ்வைக் கடந்து கேத்தோடுக்கு வந்து, எலக்ட்ரானோடும் ஆக்சிஜனோடும் கூடித் தண்ணீராகின்றன. இவ்வளவுதான் கருவி. சுழலும் பாகம் இல்லை, எரிப்பு இல்லை, புகை இல்லை.

இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத் தாவரவியலாளர் எம்.சி. பாட்டர் 1911இல் ஈஸ்ட்டையும் பாக்டீரியாவையும் வைத்து இதை முதலில் காட்டினார். கிடைத்தது அரை வோல்ட் அளவு. 1931இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பார்னெட் கோஹன் பல கலங்களைத் தொடராக இணைத்து 35 வோல்ட்டுக்கு மேல் கொண்டுவந்தார். மின்னோட்டமோ 2 மில்லி ஆம்பியர்தான். பிறகு நெடுங்காலம் இந்தத் துறை தேங்கிக் கிடந்தது. பாக்டீரியாவின் உடலுக்குள் இருந்து எலக்ட்ரானை வெளியே சுமந்து வரச் சாயப்பொருள்களைக் கலக்க வேண்டியிருந்தது. அவை விலை கூடியவை, பலவும் நச்சு. 1987இல் பொட்டோமாக் ஆற்றுச் சேற்றிலிருந்து டெரெக் லவ்லி பிரித்தெடுத்த ஜியோபாக்டர் என்ற பாக்டீரியா வகையும், சாயமே இல்லாமல் கலத்தை ஓட்டலாம் என்று 1990களின் இறுதியில் தென் கொரியாவின் பியுங் ஹாங் கிம் குழு காட்டியதும் அந்த முடிச்சை அவிழ்த்தன. ஜியோபாக்டர் தன் உடலிலிருந்து மயிரிழையினும் பன்மடங்கு மெல்லிய கம்பிகளை நீட்டி மின்சாரம் கடத்துகிறது. அந்தக் கம்பிகள் இரும்பு அடங்கிய புரதங்களின் கோவை என்று 2019இல் யேல் பல்கலைக்கழகத்தின் நிகில் மல்வங்கர் உள்ளிட்டோர் அணு அணுவாகப் படம் பிடித்துக் காட்டினர். ஓர் ஒற்றைச் செல் உயிரி தனக்குத்தானே மின்கம்பி இழுத்துக்கொள்வதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

வியப்பு ஒரு பக்கம் இருக்கட்டும், கிடைத்த வாட் எவ்வளவு? பிரிஸ்டல் ரோபாட்டிக்ஸ் ஆய்வகத்தில் அயோனிஸ் இரோபூலோஸ் முதலானோர் 2004இல் 'எக்கோபாட்-2' என்ற சிறு இயந்திரத்தை ஓட்டினர். எட்டுக் கலங்கள், கலத்துக்கு ஒரு செத்த ஈ. அதை வைத்துப் பன்னிரண்டு நாள் அது இயங்கியது. தொடர்ந்து நடக்கவில்லை, மின்தேக்கியில் போதுமான மின்சாரம் சேரும்வரை நின்று, சில சென்டிமீட்டர் நகர்ந்து, மறுபடி நின்றது. அதே குழு 2015இல் கிளாஸ்டன்பரி இசை விழாவில் சிறுநீர் கழிப்பிடம் ஒன்றை அமைத்து, வருவோரின் சிறுநீரைக் கொண்டே அங்கு விளக்கேற்றியது. மொத்தம் 432 கலங்கள். கிடைத்த திறன் சராசரியாக 300 மில்லிவாட், அதாவது ஒரு வாட்டில் மூன்றிலொரு பங்குக்கும் குறைவு. இருட்டில் எல்இடி எரிய அது போதும், மின்விசிறி சுற்றப் போதாது.

ஆஸ்திரேலியாவில் நடந்தது இன்னும் கவனிக்கத்தக்கது. குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2007இல் யாட்டாலாவில் உள்ள ஃபாஸ்டர்ஸ் பீர் ஆலையில், மூன்று மீட்டர் உயரக் குழாய்கள் பன்னிரண்டை நிறுத்தி ஆலைக் கழிவுநீரை அவற்றின் வழியே விட்டது. இரண்டு கிலோவாட் எதிர்பார்ப்போடு தொடங்கிய முயற்சி அதன் அருகில்கூட வரவில்லை. கழிவுநீரின் மின்கடத்துதிறன் குறைவாக இருந்தது, கேத்தோடின் மேல் வேண்டாத உயிர்ப்படலம் படிந்தது. இந்தக் குறைகளை அவர்கள் மறைக்காமல் எழுதிவைத்ததால்தான் அடுத்து வந்தவர்கள் பாடம் கற்க முடிந்தது.

உணவுக் கழிவுக்கு வருவோம். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கைப்படி இந்திய வீடுகளில் மட்டும் ஆண்டுக்கு 7.8 கோடி டன் உணவு வீணாகிறது. தலைக்கு 55 கிலோ. இதிலிருந்து எவ்வளவு மின்சாரம் எடுக்கலாம் என்று யாரும் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு ஒன்று உண்டு. கழிவில் கரிமப் பொருள் எவ்வளவு என்பதைச் சுத்திகரிப்பு நிலையங்களில் சிஓடி என்ற அளவால் சொல்வார்கள். அதை முழுக்க ஆக்சிஜனேற்றம் செய்ய வேண்டிய ஆக்சிஜனின் எடை அது. ஒரு கிலோ சிஓடியில் உள்ள எலக்ட்ரான்களை ஒன்று விடாமல் பிடித்தால் சுமார் 3,350 ஆம்பியர்-மணி வரும். ஒரு கலத்தின் மின்னழுத்தம் கோட்பாட்டின்படி 1.1 வோல்ட். மின்சாரத்தை இழுக்கத் தொடங்கியதும் அது 0.3 முதல் 0.5 வோல்ட் வரை இறங்கிவிடும். 0.3 வோல்ட் என்றும், பாதி எலக்ட்ரான்களாவது தகட்டுக்கு வந்து சேர்ந்தன என்றும் கொண்டால் கிடைப்பது அரை யூனிட். சோறும் குழம்பும் காய்கறியுமான ஈரக் கழிவில் ஏறத்தாழ முக்கால் பங்கு தண்ணீர். கிலோவுக்குக் கால் கிலோ சிஓடி என்று எடுத்துக்கொள்ளலாம். ஆக ஒரு கிலோ கழிவுக்கு ஒரு யூனிட்டில் எட்டில் ஒரு பங்கு. 9 வாட் எல்இடி பல்பு சுமார் 14 மணி நேரம் எரியும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நாளுக்கு 100 கிலோ ஈரக் கழிவு சேரும் கல்யாண மண்டபத்துக்கு இது 12 யூனிட். அதை ஒரு நாளில் பெற 500 வாட் இரவு பகலாக வந்துகொண்டிருக்க வேண்டும். கழிவுநீரில் ஓடும் கலத்தில் ஒரு சதுர மீட்டர் ஆனோடுக்கு ஒரு வாட் கிடைத்தாலே அது நல்ல விளைச்சல். அப்படியானால் 500 சதுர மீட்டர் கார்பன் துணி, அதற்கு ஈடான கேத்தோடு, சவ்வு, நூற்றுக்கணக்கான இணைப்புகள் எல்லாம் வேண்டும். அதே 12 யூனிட்டை மண்டபத்து மொட்டைமாடியில் 3 கிலோவாட் சூரியத் தகடுகள் கொடுத்துவிடும், அதுவும் 20 சதுர மீட்டருக்குள். கழிவைப் பயோகேஸ் கலனில் போட்டாலோ நாளுக்குச் சுமார் 10 கன மீட்டர் வாயு வரும். அது நான்கு கிலோவுக்கு மேற்பட்ட சமையல் எரிவாயுவுக்குச் சமம்; மூன்று நான்கு நாளைக்கு ஒரு 14.2 கிலோ சிலிண்டர் மிச்சம். அடுப்பு அந்த வளாகத்திலேயே எரிகிறது. வாயுவை மின்சாரமாக மாற்றி இழப்பைக் கூட்ட வேண்டிய தேவையும் இல்லை.

கலத்தைப் பெரிதாக்கினால் சரியாகும் என்று சொல்வோர் உண்டு. அது நடக்காததற்குக் காரணம் கலத்தின் இயல்பிலேயே இருக்கிறது. மின்சாரம் பிறப்பது தகட்டின் மேல்பரப்பில் ஒட்டிய மெல்லிய பாக்டீரியாப் படலத்தில். தொட்டியின் கொள்ளளவை எட்டு மடங்காக்கினாலும் பரப்பு அந்த விகிதத்தில் கூடாது. தகடுகளுக்கு இடையிலான தூரம் கூடக் கூட மின்தடையும் கூடும். சிறு கலங்களைத் தொடராக அடுக்கினால், அவற்றில் ஒன்று பட்டினி கிடந்தாலும் அதன் மின்னழுத்தம் தலைகீழாகி அடுக்கையே கீழே இழுக்கும்.

கழிவின் குணமும் இடைஞ்சல் செய்கிறது. மின்சாரம் தரும் பாக்டீரியாவுக்குச் சோற்றுப் பருக்கையைத் தின்னத் தெரியாது. வேறு நுண்ணுயிர்கள் மாவுச்சத்தை முதலில் அசெட்டேட் போன்ற சிறு அமிலங்களாக உடைத்துத் தர வேண்டும். ஒரேயடியாகக் கழிவைக் கொட்டினால் அமிலம் மிஞ்சி, இட்லி மாவு புளிப்பதுபோலக் கலம் முழுக்கப் புளித்து, மின்சாரப் பாக்டீரியா அடங்கிப்போகும். ஐதராபாத்தில் உள்ள இந்திய வேதியியல் தொழில்நுட்பக் கழகத்தில் எஸ். வெங்கட மோகன் குழுவினர் உணவகக் கழிவைக் கொண்டே செய்த ஆய்வில் இது தெளிவாகத் தெரிந்தது: ஓர் அளவுவரை கழிவைக் கூட்டியபோது மின்சாரம் கூடியது, அதற்கு மேல் கூட்டியபோது குறைந்தது. இதோடு மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் அதே உணவுக்குப் போட்டி போடுகின்றன. எண்ணெய் தகட்டின் மேல் படிகிறது. ஊறுகாயும் அப்பளமும் கொண்டுவரும் உப்பு கொஞ்சம் இருந்தால் மின்கடத்துதிறனுக்கு நல்லது, மிஞ்சினால் கேடு.

ஆகவே உணவுக் கழிவுக்கு இன்றைக்குத் தேவையான வழி எது என்பதில் எனக்கு ஐயமில்லை. முதலில் வீணாக்காமல் இருப்பது. மிஞ்சியதை மனிதருக்கும் மாட்டுக்கும் கொடுப்பது. நம் கிராமங்களில் கழுநீர்த் தொட்டி செய்துவந்த வேலை அது. அதற்கும் மிஞ்சியதைப் பிரித்து வாங்கிப் பயோகேஸோ உரமோ ஆக்குவது. இந்தூரில் 2022 பிப்ரவரியில் தொடங்கிய ஆலை நாளுக்கு 550 டன் ஈரக் கழிவைக் கையாளவும், 17,000 கிலோ அழுத்தப்பட்ட வாயு தரவும் அமைக்கப்பட்டது. அந்த ஆலையின் அடித்தளம், வீட்டு வாசலிலேயே கழிவைப் பிரித்து வாங்கும் ஏற்பாடு. சென்னைக் கோயம்பேடு சந்தையில் நாளுக்கு 30 டன் காய்கறிக் கழிவுக்கென ஒரு பயோகேஸ் மின் நிலையம் பல ஆண்டுகளுக்கு முன்பே கட்டப்பட்டது. அது முழுத் திறனில் தொடர்ந்து ஓடவில்லை. கலனுக்குள் பிளாஸ்டிக்கும் சணலும் மண்ணும் போனால் எந்தக் கலனும் அடைத்துக்கொள்ளும். நாளுக்கு 100 கிலோவுக்கு மேல் கழிவு உண்டாக்கும் நிறுவனங்கள் ஈரக் கழிவைக் கூடுமானவரை தங்கள் வளாகத்திலேயே கையாள வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லியிருந்தன. எத்தனை விடுதிகள், மண்டபங்கள், கல்லூரி மெஸ்கள் அதைச் செய்கின்றன என்பதை அந்தந்த ஊர்க்காரர்களே அறிவார்கள்.

இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. நாம் ஒரே பையில் கட்டி எறியும் சாம்பார் சோற்றையும் நாப்கினையும் உடைந்த கண்ணாடியையும் யாரோ ஒரு பெண் குனிந்து கையால் பிரிக்கிறார். பெருங்குடிக் குப்பைமேடு 2022 ஏப்ரலில் நாள்கணக்கில் எரிந்தபோது அந்தப் புகையைச் சுவாசித்தவர்கள் சுற்றுப்புறத்து மக்கள். மக்கும் உணவு அடியில் மீத்தேனாகிக்கொண்டே இருந்தால் குப்பைமேடு எரியத்தான் செய்யும். பால் பாக்கெட் உறை கலந்த கழிவைச் சாதாரணப் பயோகேஸ் கலனே தாங்காதபோது, அதைவிடப் பன்மடங்கு நுணுக்கமான மின்கலம் எப்படித் தாங்கும்? வரப்போகும் தொழில்நுட்பத்தைக் காட்டி இன்றைய கடமையைத் தள்ளிப்போட யாருக்கும் இடம் கொடுக்கக் கூடாது.

பிறகு மின்கலத்துக்கு என்ன வேலை? அழுக்குத் தண்ணீரைச் சுத்தம் செய்வது. வழக்கமான கழிவுநீர் நிலையத்தில் நுண்ணுயிர்களுக்கு மூச்சுக்காற்று கொடுக்க இரவு பகலாகக் காற்றை ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். நிலையத்தின் மின் கட்டணத்தில் ஏறத்தாழ பாதி இந்த ஊதலுக்கே போகிறது. காற்று தாராளமாகக் கிடைப்பதால் நுண்ணுயிர்கள் பெருகி மலைபோலச் சேறாகும். அதை அள்ளிக் காயவைத்து அப்புறப்படுத்துவது தனிச் செலவு. மின்கலத்தில் ஊதல் இல்லை. பாக்டீரியா தன் ஆற்றலில் ஒரு பகுதியைக் கம்பியில் விட்டுவிடுவதால் அதன் உடல் பெருக்கம் குறைவு, சேறும் குறைவு. கிடைக்கும் மின்சாரம் சொற்பம் என்றாலும், செலவாகாமல் மிஞ்சும் மின்சாரம் சொற்பமில்லை. பயோகேஸ் கலனிலிருந்து வழியும் நீர், உரக்கிடங்கின் சாறு, காய்கறிச் சந்தையின் கழுவுநீர் இவைதான் அதற்கேற்ற உணவு. இவற்றில் பருக்கை இல்லை. மாவுச்சத்து பெரும்பாலும் ஏற்கெனவே அமிலமாக உடைந்துவிட்டது. பயோகேஸுக்குப் போட்டியாக நிறுத்தாமல் அதன் பின்னால் நிறுத்த வேண்டிய கருவி இது.

விலைதான் இதுவரை தடை. ஆய்வகங்கள் பயன்படுத்தும் நாஃபியான் சவ்வு மிக விலை கூடியது. சிறு ஆலைகள் அதை நினைத்தே பார்க்க முடியாது. இங்கேதான் கரக்பூர் ஐஐடியில் எம்.எம். காங்ரேகர் குழு 2010 வாக்கில் செய்த வேலை எனக்கு மிகவும் பிடித்தது. சவ்வுக்குப் பதிலாக அவர்கள் சாதாரண மண்பானையையே பயன்படுத்தினர். பானைக்குள் ஆனோடு, வெளியே கேத்தோடு, உள்ளே ஊற்றியது அரிசி ஆலைக் கழிவுநீர். விலை கூடிய சவ்வு கொண்ட கலத்தைவிட மண்பானைக் கலம் கூடுதலாக மின்சாரம் தந்தது, தண்ணீரின் சிஓடியும் பெருமளவு இறங்கியது. சுட்ட மண்ணின் நுண்துளைகளில் கசியும் நீர்தான் கோடையில் பானைத் தண்ணீரைக் குளிர வைக்கிறது. அந்தத் துளைகள் வழியேதான் அயனிகளும் கடக்கின்றன. ஆக்சிஜன் மட்டும் உள்ளே வரத் திணறுகிறது. மண்ணின் சேர்மானத்தை மாற்றி, மான்ட்மோரில்லோனைட் போன்ற களிமண்ணைக் கலந்து சுட்டால் செயல்திறன் இன்னும் கூடும் என்றும் அவர்கள் பிறகு காட்டினார்கள். பிரிஸ்டல் குழுவும் சுட்ட மண் உருளைகளைத்தான் பயன்படுத்தியது.

அரிசி ஆலைக் கழிவுநீர் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது காங்கேயமும் ஆரணியும் செங்குன்றமும். புழுங்கல் அரிசிக்கு நெல் ஊறிய தண்ணீர் எப்படி நாறும் என்று அந்த ஊர்களில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். அதில் மாவுச்சத்தும் சர்க்கரையும் கரைந்திருக்கும். கழிவாக வாய்க்காலில் விட்டால் நீரிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சி மீனைக் கொல்லும். சேலம், நாமக்கல் பகுதி ஜவ்வரிசி ஆலைகள் பலவும் தங்கள் கழிவுநீரிலிருந்து எரிவாயு எடுத்துப் பயன்படுத்தப் பழகியிருக்கின்றன. எரிவாயு எடுத்த பிறகும் மிஞ்சும் அழுக்கை நீக்க அங்கே இரண்டாம் கட்டம் ஒன்று தேவைப்படுகிறது. குயவர்கள் இருக்கிறார்கள், மண் இருக்கிறது, கழிவுநீர் நாள்தோறும் வருகிறது.

இந்தக் கருவிக்கு இன்னொரு வேலையும் உண்டு. கழிவுநீரின் தரத்தைச் சொல்லும் பிஓடி சோதனைக்கு ஐந்து நாள் ஆகும். முடிவு வருவதற்குள் அந்தத் தண்ணீர் ஆற்றில் கலந்து வெகுதூரம் போயிருக்கும். நுண்ணுயிர் மின்கலத்தில் தண்ணீரின் கரிமச் சத்து ஏறினால் மின்னோட்டம் ஏறும், நச்சு வந்தால் பாக்டீரியா துவண்டு மின்னோட்டம் சட்டென்று விழும். தென் கொரியாவில் இதை அளவுகருவியாகவே பயன்படுத்தினார்கள். அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தினர் பொட்டோமாக் ஆற்றின் அடிச்சேற்றில் தகடு புதைத்து, அதன் மின்சாரத்திலேயே ஒரு வானிலை மிதவையை இயக்கி 2008இல் முடிவுகளை வெளியிட்டனர். மில்லிவாட் போதுமான இடங்களில் இந்தக் கலத்துக்கு இணை குறைவு: மின்கம்பி போகாத இடத்திலும், மேகம் மூடிய நாளிலும் அது ஓடும். நொய்யலிலும் பாலாற்றிலும் சாய, தோல் ஆலைகளின் பக்கத்தில் இப்படியொரு காவல் இருந்திருந்தால் எவ்வளவோ நிலம் தப்பியிருக்கும் என்று நினைக்கிறேன்.

எனவே அரசும் பல்கலைக்கழகங்களும் பணம் ஒதுக்கும்போது ஒரு நிபந்தனையைச் சேர்க்கட்டும். விளக்கு எரிந்த புகைப்படத்தை மட்டும் காட்டும் திட்டத்துக்கு அடுத்த தவணை கிடையாது. ஓர் அரிசி ஆலையில், நாளுக்குச் சில ஆயிரம் லிட்டர் கழிவுநீரில், மண்பானைக் கலங்களை ஓராண்டு முழுக்க ஓட்ட வேண்டும். அக்னி நட்சத்திரத்திலும் ஐப்பசி மழையிலும். உள்ளே போன நீரின் சிஓடி, வெளியே வந்த நீரின் சிஓடி, ஊதல் இயந்திரம் ஓடாததால் மிஞ்சிய யூனிட், அள்ளிய சேற்றின் எடை, தகடுகளை எத்தனை முறை கழற்றித் தேய்க்க நேர்ந்தது, ஆலைத் தொழிலாளி ஒருவர் கற்றுக்கொண்டு தானே பராமரிக்க முடிந்ததா என்பதை எல்லாம் மாதந்தோறும் பதிய வேண்டும். அந்தப் பதிவேடு, உடைந்த பானைகளின் எண்ணிக்கை உட்பட, எவரும் படிக்கும்படி தமிழில் வெளிவர வேண்டும். பக்கத்து ஆலைக்காரர் பணம் போடுவதற்கு முன் கேட்கப்போவது அந்தக் கணக்கைத்தான்.